குயினோலோன் எழுதும் முன் நோயாளியின் மருந்துப் பையைப் பாருங்கள்

கோலாலம்பூர் செந்தூலில் தனியார் கிளினிக் ஒன்றில் புதிதாகச் சேர்ந்த இளம் மருத்துவர் ஒருவரின் கேள்வி இது. கிளினிக் அலமாரியில் குயினோலோன் வகை ஆன்டிபயாடிக்குகளான சிப்ரோஃப்ளோக்சசின், லெவோஃப்ளோக்சசின், மொக்சிஃப்ளோக்சசின் மூன்றும் இருக்கின்றன. மூத்தவர்கள் சிறுநீர்க் கடுப்பு, இருமல், வயிற்றுப்போக்கு என்று எல்லாவற்றுக்கும் தாராளமாகக் கொடுக்கிறார்கள். எச்சரிக்கைகளைப் படித்தாலோ எழுதவே பயமாக இருக்கிறது. எதை எப்போது எழுதலாம், எழுதும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

தாராளமும் வேண்டாம், பயமும் வேண்டாம். சாதாரண சிறுநீர்க் கடுப்பு, மூச்சுக்குழாய் அழற்சி, சைனஸ், தொண்டை வலி ஆகியவற்றுக்கு இந்த மருந்தைத் தொடாதீர்கள். உண்மையாகவே தேவைப்படும் நோய்க்கு முழு அளவில் எழுதுங்கள். அப்படி எழுதும்போது, அந்த நோயாளி வேறு எங்கெங்கே மருந்து வாங்குகிறார் என்பதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அதிகம் விட்டுப்போவது இந்தக் கடைசி வேலைதான்.

நம் ஊர் நிலவரம் அப்படி. இனிப்பு நீருக்கும் (நீரிழிவு) இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை அரசாங்கக் கிளினிக்கில். காய்ச்சல் வந்தால் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள தனியார் கிளினிக். அங்கே மருத்துவரே மருந்தும் கொடுத்து அனுப்பிவிடுவார். கால்சியம், இரும்புச் சத்து, முழங்கால் வலிக்கான மாத்திரை எல்லாம் ஃபார்மசியில். போதாததற்குப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன நாட்டு மருந்து. இந்த நான்கு இடங்களின் பதிவுகளும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. குயினோலோனால் வரும் கேடுகள் பல இன்னொரு மருந்தோடு சேரும்போது வருகின்றன. அந்த இன்னொரு மருந்து உங்கள் அட்டையில் இருக்காது, நோயாளியின் கைப்பையில் இருக்கும்.

முதலில் மருந்தைப் பற்றிக் கொஞ்சம். 1962இல் மலேரியா மருந்தான குளோரோகுயின் தயாரிப்பில் கிடைத்த துணைப்பொருள் வழியாக, குயினோலோன் குடும்பத்தின் முதல் மருந்தான நலிடிக்சிக் அமிலம் வந்தது. அதோடு ஃப்ளோரின் சேர்த்த பிறகுதான் இந்தக் குடும்பத்துக்கு வீரியம் கூடியது; சிப்ரோ அமெரிக்காவில் 1987இல் அனுமதி பெற்றது. பாக்டீரியாவின் டி.என்.ஏ. முறுக்கைச் சரிசெய்யும் இரண்டு என்சைம்களை இவை பிடித்துக்கொள்கின்றன: டி.என்.ஏ. ஜைரேஸ், டோபோஐசோமரேஸ் 4. என்சைம் டி.என்.ஏ.வை வெட்டி மீண்டும் ஒட்டுவதற்கு முன் மருந்து இடையில் மாட்டிக்கொள்வதால் வெட்டு வெட்டாகவே நின்று கிருமி சாகிறது. கிராம் நெகட்டிவ் கிருமிகளில் (ஈ.கோலை போன்றவை) முதல் இலக்கு ஜைரேஸ்; நிமோனியா உண்டாக்கும் நிமோகோக்கஸ் போன்றவற்றில் பெரும்பாலும் டோபோஐசோமரேஸ் 4.

அளவைக் குறைத்து எழுதுவது ஏன் ஆபத்து என்பதும் இங்கிருந்தே புரியும். குயினோலோன் இரத்தத்தில் ஏறும் அளவைப் பொறுத்துக் கொல்லும் மருந்து. ஒரு நாளில் உடலுக்குக் கிடைக்கும் மொத்த மருந்துக்கும், அந்தக் கிருமியைத் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச அடர்த்திக்கும் உள்ள விகிதம் கிராம் நெகட்டிவுக்குச் சுமார் 125ஐ எட்ட வேண்டும். நிமோகோக்கஸுக்கு 30 முதல் 40 போதும். சிறுநீரகத் தொற்றுக்கு ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று 250 மி.கி. சிப்ரோவை மூன்று நாள் கொடுத்தால் நோயாளிக்கு நன்மை இல்லை. பாதி எதிர்ப்புள்ள கிருமி மட்டும் பிழைத்து நிற்கும். அடுத்த முறை கல்ச்சர் (கிருமி வளர்ப்புப் பரிசோதனை) அறிக்கையில் அதைத்தான் பார்ப்பீர்கள்.

மூன்றும் ஒரே மருந்தின் மூன்று பெயர்கள் என்ற நினைப்பையும் விட்டுவிடுங்கள். சிப்ரோ வாய்வழி 70 சதவீதம் அளவுக்கு உடலில் சேரும், அரை ஆயுள் (இரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம்) சுமார் 4 மணி நேரம், ஆகவே நாளைக்கு இரண்டு வேளை. சூடோமோனாஸ் என்ற பிடிவாதமான கிருமிக்கு வாய்வழி மருந்துகளில் வலுவானது இது, நிமோகோக்கஸிடம் பலவீனம். எனவே நிமோனியாவுக்கு சிப்ரோ எழுதுவது தவறு. லெவோ ஏறத்தாழ முழுவதும் உடலில் சேரும், அரை ஆயுள் 6 முதல் 8 மணி, ஒரு வேளை போதும். நுரையீரல், சிறுநீர்ப்பாதை இரண்டுக்கும் பயன்படும். வெளியேறுவது பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக. மொக்சி 90 சதவீதம் சேரும், அரை ஆயுள் சுமார் 12 மணி, கல்லீரல் வழியாகக் கழியும். சிறுநீரகம் கெட்டவருக்கு மொக்சியின் அளவைக் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் சிறுநீரில் போதிய அடர்த்தி சேராததால் சிறுநீர்த் தொற்றுக்கு அது உதவாது, சூடோமோனாஸுக்கும் உதவாது. ‘புதிய மருந்து, வலுவான மருந்து’ என்று சிறுநீர்க் கடுப்புக்கு மொக்சி எழுதுவதை நிறுத்தினாலே பாதித் தவறு குறையும்.

வாய்வழி இவ்வளவு நன்றாகச் சேர்வதால், விழுங்க முடிகிற நோயாளிக்கு ஊசி தேவையே இல்லை. நரம்பில் ஏற்றும் 400 மி.கி. சிப்ரோவுக்கு ஈடு 500 மி.கி. மாத்திரை. ‘டிரிப் போட்டால்தான் குணமாகும்’ என்று கேட்பவர்களிடம் இதைத் தயங்காமல் சொல்லலாம்.

எங்கே எழுதலாம்? கல்ச்சரில் வேலை செய்யும் என்று தெரிந்த சிறுநீரகத் தொற்று: சிப்ரோ 500 மி.கி. இரு வேளை 7 நாள், அல்லது லெவோ 750 மி.கி. ஒரு வேளை 5 நாள். புரோஸ்டேட் சுரப்பி அழற்சியில் இந்தக் குடும்பத்துக்கு ஈடான வாய்வழி மருந்து குறைவு, சுரப்பிக்குள் நன்றாக ஊடுருவும்; திடீரென வந்ததற்கு 2 முதல் 4 வாரம், நாள்பட்டதற்கு 4 முதல் 6 வாரம். சூடோமோனாஸ் தொற்றுக்கு வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட வேண்டுமானால் சிப்ரோ 750 மி.கி. இரு வேளை. இனிப்பு நீர் உள்ள முதியவருக்குக் காது ஓட்டையிலிருந்து எலும்புக்குப் பரவும் கொடிய வெளிக்காதுத் தொற்று இதில் முக்கியமானது; வாரக்கணக்கில் மருந்து வேண்டியிருக்கும், கிளினிக்கில் வைத்திராமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய நோய் அது. லெஜியோனெல்லா நிமோனியா, பெனிசிலினுக்குக் கடுமையான ஒவ்வாமை உள்ளவரின் நிமோனியா, எலும்புத் தொற்றில் ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாறும் கட்டம், மருந்துக்கு அடங்காத காசநோய் ஆகியவையும் நியாயமான காரணங்கள். உலக சுகாதார நிறுவனம் இவற்றைக் ‘கண்காணிப்பு’ வகையில் வைத்திருப்பது ஒளித்து வைக்க அல்ல, இப்படிப்பட்ட நோய்களுக்காகப் பாதுகாக்க.

சாதாரண சிறுநீர்க் கடுப்புக்கு வேறு வழிகள் இருக்கின்றன. நைட்ரோஃபுரான்டாயின் 5 நாள் முதல் தேர்வாகலாம். அதற்கு இரண்டு பூட்டுகள் உண்டு: சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தால் சிறுநீரில் போதுமான அளவு சேராது, ஜி6பிடி என்ற என்சைம் குறைபாடு இருந்தால் இரத்தச் சிவப்பணு உடையும். மலேசியாவில் பிறக்கும்போதே ஜி6பிடி பரிசோதிப்பதால் இளையவர்களுக்குப் பெரும்பாலும் விடை தெரிந்திருக்கும். வயதானவர்களிடம் கேட்டுத்தான் பார்க்க வேண்டும். செஃபுராக்சிம், அமோக்சிசிலின்–கிளாவுலனேட், ஒரே முறை குடிக்கும் 3 கிராம் ஃபோஸ்ஃபோமைசின் ஆகியவையும் உண்டு. அறிகுறியே இல்லாமல் சிறுநீரில் கிருமி மட்டும் தெரிந்தால் (கர்ப்பிணிகளையும், சிறுநீர்ப்பாதை அறுவைக்குப் போகிறவர்களையும் தவிர) எதையும் எழுத வேண்டாம். முதியோர் இல்லங்களில் சிறுநீர் ‘மங்கலாக இருக்கிறது’ என்று மட்டும் சொல்லி அனுப்பும் மாதிரிகள் இதில்தான் சேரும்.

நம் ஊருக்கே உரிய மூன்று பொறிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று காசநோய். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், எடை குறைவு, இரவில் வியர்வை. ஐந்து நாள் லெவோ கொடுக்கிறீர்கள், இருமல் குறைகிறது. காசநோய்க் கிருமிக்கும் லெவோ வேலை செய்யும் என்பதால்தான் அந்தக் குறைவு. சளிப் பரிசோதனையில் கிருமி மறைந்து, நோய் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும்; தனி மருந்தாகக் கொடுத்ததால் எதிர்ப்பும் வளரும். பிறகு அந்த நோயாளிக்கு மருந்துக்கு அடங்காத காசநோய் வந்தால் காப்பாற்ற வேண்டிய முதல்வரிசை மருந்தையே நாம் வீணாக்கியிருப்போம். இருமல் இழுத்துக்கொண்டு போனால் முதலில் மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும்.

இரண்டாவது டைஃபாய்டு. தமிழ்நாட்டுக்குப் போய் வந்தவர், ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சல். பழைய பாடத்தில் சிப்ரோ என்று இருக்கும். தெற்காசியாவிலிருந்து வரும் டைஃபாய்டு கிருமியில் குயினோலோன் எதிர்ப்பு இப்போது பரவலாகிவிட்டது. குயினோலோனுக்கு அடங்காத டைஃபாய்டு கிருமியை 2024இல் உலக சுகாதார நிறுவனம் முன்னுரிமைக் கிருமிப் பட்டியலின் உயர் வரிசையில் வைத்தது. இரத்தக் கல்ச்சர் எடுத்துவிட்டு, வீட்டிலிருப்பவருக்கு அசித்ரோமைசின், உடல்நிலை மோசமானவருக்கு மருத்துவமனையில் செஃப்ட்ரியாக்சோன். பயணத்தில் வரும் வயிற்றுப்போக்குக்கும் இதே காரணத்தால் சிப்ரோ முதல் தேர்வு அல்ல. பெட்டியில் சென்னையிலிருந்து வாங்கிவந்த ஒஃப்ளோக்சசின் மாத்திரைகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். ஒஃப்ளோக்சசினில் வேலை செய்யும் பாதியைத் தனியே பிரித்ததுதான் லெவோ. அதை ஏற்கெனவே நான்கு நாள் சாப்பிட்டுவிட்டு வந்தவரின் கல்ச்சரில் கிருமி வளராமல் போனால், நோய் இல்லை என்று அர்த்தம் அல்ல.

மூன்றாவது மெலியோய்டோசிஸ், மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் வரும் தொற்று. இனிப்பு நீர் உள்ளவர், மண்ணிலோ வெள்ள நீரிலோ வேலை செய்தவர், நிமோனியாவோ கட்டியோ. இதற்குக் குயினோலோன் நம்பகமான மருந்து அல்ல. முதலில் செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி, பின்பு மாதக்கணக்கில் கோட்ரைமாக்சசோல். அரைகுறை முன்னேற்றத்தைப் பார்த்து ஏமாந்தால் உயிர் போகும். (டெங்கிக் காய்ச்சலுக்கு எந்த ஆன்டிபயாடிக்கும் வேலை செய்யாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றாலும், மூன்றாம் நாள் காய்ச்சலுக்கு சிப்ரோ வாங்கிப்போகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.)

சரி, எழுத முடிவு செய்துவிட்டீர்கள். இப்போது பையைத் திறக்கச் சொல்லுங்கள். ‘வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?’ என்று கேட்டால் ‘இல்லை டாக்டர்’ என்றுதான் பதில் வரும். ‘அரசாங்கக் கிளினிக்கில் என்ன கொடுத்தார்கள் அம்மா, கைப்பேசியில் படம் இருக்கிறதா? வயிற்றுக்கு வெள்ளை மருந்து குடிக்கிறீர்களா? கால்வலிக்கு நாட்டு மருந்து உண்டா?’ என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் உண்மை வரும்.

முதலில் தேட வேண்டியது இனிப்பு நீர் மாத்திரை. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு. இந்தியர்களிடம் அது இன்னும் அதிகம். குயினோலோன்கள் கணையத்தின் பீட்டா செல்களில் உள்ள பொட்டாசியம் வாயில்களை அடைத்து இன்சுலினைச் சுரக்க வைக்கும். கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு மாத்திரைகள் செய்வதும் அதே வேலை. இரண்டும் சேர்ந்து, கூடவே காய்ச்சலில் சாப்பாடும் குறைந்து, சிறுநீரகமும் மந்தமாக இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். கோமா வரை போன நிகழ்வுகளைக் குறிப்பிட்டு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் எச்சரித்தது. சர்க்கரையை ஏற்றவும் செய்யலாம் என்பது இதன் இன்னொரு குணம். இரண்டு பக்கமும் தாறுமாறாக ஆட்டிய கேட்டிஃப்ளோக்சசின் மாத்திரை அமெரிக்கச் சந்தையை விட்டே போனது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்குக் கவலை குறைவு.

கிளிக்லசைடோ இன்சுலினோ எடுப்பவருக்கு வேறு ஆன்டிபயாடிக் இருந்தால் அதையே எழுதுங்கள். வேறு வழியில்லை என்றால் மருந்து முடியும் வரை சாப்பாட்டுக்கு முன்பும் படுக்கும் முன்பும் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். சாப்பிட முடியாத நாளில் மாத்திரையை என்ன செய்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து எழுதிக் கொடுங்கள். 4.0 மில்லிமோலுக்குக் கீழ் இறங்கினால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். கிளிக்லசைடு வகையால் இறங்கிய சர்க்கரை ஏறிவிட்டு மறுபடி இறங்கும். ஆகவே ஒரு முறை சரியானதும் வீட்டில் விட்டுவிடாமல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

அடுத்தது வயிற்று மருந்தும் சத்து மாத்திரையும். குயினோலோன் மூலக்கூறு அலுமினியம், மெக்னீசியம், கால்சியம், இரும்பு, துத்தநாகம் இவற்றைக் குடலிலேயே பிடித்துக் கட்டியாகிவிடும். அப்படிக் கட்டியானது உடலில் சேராது. அலுமினியம்–மெக்னீசியம் கலந்த ஆன்டாசிட் சிப்ரோ சேர்வதை 90 சதவீதம் வரை குறைக்கக்கூடும். அரசாங்கக் கிளினிக்கில் எம்.எம்.டி. (மெக்னீசியம் டிரைசிலிகேட் கலவை) என்று பாட்டிலில் கொடுக்கும் வெள்ளை மருந்தும் மெக்னீசியம்தான். சிறுநீரக நோயாளிகள் சாப்பாட்டோடு விழுங்கும் கால்சியம் கார்பனேட், கர்ப்பப்பை இரத்தப்போக்குக்குக் கொடுத்த இரும்பு மாத்திரை, சுக்ரால்ஃபேட் எல்லாமே இந்தக் கணக்கில் வரும். ஒமெப்ரசோல் பரவாயில்லை.

‘இரண்டு மணி இடைவெளி விடுங்கள்’ என்று பொதுவாகச் சொல்வது சிப்ரோவுக்குப் போதாது. சிப்ரோவை அந்த மருந்துக்கு 2 மணி நேரம் முன்பாகவோ 6 மணி நேரம் கழித்தோ எடுக்க வேண்டும். காலை 7, இரவு 7 என்று சிப்ரோ எடுத்தால் இரும்பு மாத்திரைக்குக் காலை 9 முதல் மதியம் 1 வரைதான் இடம். மதிய உணவு தாமதமானால் அன்றைய இரும்பை விட்டுவிடுவதே மேல். சிப்ரோ சாப்பிடும் ஐந்து அல்லது ஏழு நாளுக்கு இரும்பையும் கால்சியத்தையும் மொத்தமாக நிறுத்தச் சொல்வதுதான் எளிது. அந்தச் சில நாளில் எதுவும் குடிமுழுகிவிடாது. லெவோவுக்கு இரண்டு பக்கமும் 2 மணி போதும். மொக்சிக்கு 4 மணி முன்பு அல்லது 8 மணி பின்பு. காலை 8க்கு மொக்சி என்றால் மதியம் 12 முதல் நள்ளிரவு வரை மற்றவை. சிப்ரோவைத் தே தாரிக், மைலோ, தயிர் இவற்றோடு தனியாக விழுங்கக் கூடாது, வெறும் தண்ணீர்தான். பால் கொஞ்சம் சேர்ந்த முழுச் சாப்பாட்டோடு எடுத்தால் அவ்வளவு பாதிப்பு இல்லை. மூக்குக்குழாய் வழியே பால் உணவு ஏறும் நோயாளிக்கு அந்த உணவை முன்னும் பின்னும் நிறுத்தி வைக்காமல் சிப்ரோவைக் கரைத்து ஊற்றினால், மருந்து குழாயோடு போய்விட்டது என்று எண்ணிக்கொள்ளலாம்.

சிப்ரோவுக்கென்று தனியாக ஒரு குணம்: கல்லீரலில் சிஒய்பி1ஏ2 என்ற என்சைமை அடக்கும். தசை இறுக்கத்துக்குக் கொடுக்கும் டிசானிடின் இதனால் பத்து மடங்கு அளவுக்கு ஏறி, இரத்த அழுத்தம் சரிந்து ஆள் மயங்கிவிடுவார். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. ஆஸ்துமாவுக்குப் பழைய தியோஃபிலின் சாப்பிடுகிறவருக்கு வாந்தி, படபடப்பு, வலிப்பு. குளோசபின் எடுப்பவருக்கு மயக்கம். கோப்பி நிறையக் குடிப்பவருக்குத் தூக்கமின்மையும் நெஞ்சுப் படபடப்பும். அதை ‘மருந்து ஒத்துக்கொள்ளவில்லை’ என்று அவர் சொல்வார். லெவோவும் மொக்சியும் இந்த என்சைமைப் பெரிதாகத் தொடாது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு எந்தக் குயினோலோன் என்றாலும் 3 முதல் 5 நாளில் ஐ.என்.ஆர். (இரத்தம் உறையும் நேரத்தின் அளவு) பார்க்க வேண்டும், முடித்த பிறகும் ஒரு முறை.

ஈ.சி.ஜி.யில் தெரியும் இதயத் துடிப்பின் க்யூடி இடைவெளியை நீட்டி, துடிப்பைத் தாறுமாறாக்குவதில் மொக்சி முதலிடம், லெவோ நடுவில், சிப்ரோ கடைசி. தனியாக அல்ல, கூட்டாகச் சேரும்போதுதான் பயப்பட வேண்டியது: நீர் மாத்திரையால் பொட்டாசியம் குறைந்த பாட்டி, வாந்திக்கு டொம்பெரிடோன், முன்பே அமியோடரோன் அல்லது ஹாலோபெரிடால், மேலே அசித்ரோமைசின். இவற்றில் இரண்டு இருந்தாலே ஈ.சி.ஜி. எடுங்கள், க்யூடிசி (துடிப்பு வேகத்துக்கேற்பச் சரிசெய்த க்யூடி) 500 மில்லிசெகண்டைத் தொட்டுவிட்டால் வேறு மருந்து.

தசைநார் விஷயத்தில் நம் ஊருக்கே உரிய சங்கடம் ஒன்று உண்டு. குயினோலோனால் தசைநார் வீங்குவதும் அறுந்துபோவதும் பத்தில் ஒன்பது தடவை குதிகால் தசைநாரில்தான். 60 வயதுக்கு மேல், ஸ்டீராய்டு சாப்பிடுபவர், உறுப்பு மாற்று செய்தவர் இவர்களுக்கு அதிகம். முதல் 48 மணி நேரத்திலும் வரலாம், மருந்து முடிந்து மாதங்கள் கழித்தும் வரலாம். ‘நான் ஸ்டீராய்டு எதுவும் சாப்பிடவில்லை’ என்று நோயாளி உறுதியாகச் சொல்வார். ஆனால் மூட்டு வலிக்கு விற்கும் நாட்டு மருந்துகளிலும் ஜாமு எனும் மலாய் மூலிகை மருந்துகளிலும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ‘இதைச் சாப்பிட்டால் இரண்டே நாளில் வலி பறந்துவிடுகிறது’ என்ற நாட்டு மருந்து எதுவானாலும் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு முடிவெடுங்கள். முகம் வட்டமாகி, தோல் மெலிந்து நீலம் பாரித்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

மருந்து சாப்பிடும் நாளிலும் அதற்குப் பின் சில வாரங்களும் திடீர்க் கடும் உடற்பயிற்சி வேண்டாம் என்று சொல்லுங்கள். தைப்பூசம் நெருங்கும் காலமானால் பெயர் சொல்லியே கேளுங்கள்: பத்துமலையில் 272 படி, பினாங்கு தண்ணீர்மலையில் 513 படி, காவடி தோளில் இருந்தால் குதிகால் தசைநார் தாங்கும் சுமை இன்னும் கூடும். நேர்த்திக்கடனைத் தள்ளிப்போடச் சொல்வதைவிட, வேறு ஆன்டிபயாடிக் எழுதுவது நமக்கு எளிது. குதிகாலின் பின்புறம் வலியோ வீக்கமோ வந்தால் அன்றே மருந்தை நிறுத்தி, காலுக்கு ஓய்வு கொடுத்து, திரும்பி வர வேண்டும். எண்ணெய் போட்டு உருவி விடவே கூடாது. அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசியும் கூடாது.

நரம்பு பாதிப்பு சத்தமில்லாமல் வரும். பாதத்தில் எரிச்சல், ஊசி குத்தல், மரத்துப் போதல். இனிப்பு நீர் உள்ளவர் என்றால் எல்லோரும் சர்க்கரையின் மேல் பழியைப் போட்டுவிட்டு மருந்தைத் தொடர்வார்கள். குயினோலோன் தொடங்கிய சில நாளில் புதிதாக வந்த அல்லது திடீரென்று மோசமான எரிச்சல் என்றால் மருந்தை நிறுத்துங்கள். சிலருக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடும். முதியவர்களுக்குக் குழப்பம், தூக்கமின்மை, இல்லாததைப் பார்ப்பது போன்ற மனநிலை மாற்றமும், வலிப்பு நோய் உள்ளவருக்கு வலிப்பும் வரலாம்; கூடவே வலி மாத்திரைகள் சேர்ந்தால் வலிப்பு அபாயம் கூடும். தசைகள் தளரும் மயஸ்தீனியா கிராவிஸ் நோய் இருந்தால் குயினோலோன் வேண்டாம், மூச்சுத் தசையே தளர்ந்துபோகும். மகாதமனி (இதயத்திலிருந்து வரும் பெரிய இரத்தக்குழாய்) வீக்கம் இருப்பவர், குடும்பத்தில் அது இருந்தவர், இணைப்புத் திசு நோயான மார்ஃபன் உள்ளவர் இவர்களுக்கும் தவிர்க்கச் சொல்லி 2018 டிசம்பரில் எச்சரிக்கை வந்தது. கவனிப்பு ஆய்வுகள் பலவற்றில் அபாயம் ஏறத்தாழ இரு மடங்கு. பிற்கால ஆய்வுகள் சில ஒத்துப்போகவில்லை. விவாதம் எப்படி முடிந்தாலும், வயிற்றுப் பகுதி மகாதமனியில் 5 செ.மீ. வீக்கத்தோடு இருப்பவருக்கு வேறு மருந்து இருக்கும்போது இதை எழுத ஒரு காரணமும் இல்லை. ஐரோப்பிய மருந்து முகமை 2018இலும் பிரிட்டன் 2024 ஜனவரியிலும் கட்டுப்பாட்டை இறுக்கியது இந்த நிரந்தரப் பாதிப்புகளுக்காகத்தான்.

கர்ப்பிணிகளுக்குத் தவிருங்கள். குழந்தைகளுக்குக் குருத்தெலும்புப் பயத்தால் பொதுவாகத் தருவதில்லை. சிக்கலான சிறுநீர்த் தொற்று போன்ற சில நிலைகளில் நிபுணர் முடிவில் மட்டும். வெயிலில் தோல் சீக்கிரம் சிவந்து கருகும் என்பதைச் சாலைப் பணியாளருக்கும் உணவு விநியோக ஓட்டுநருக்கும் சொல்லுங்கள். கண், காதுச் சொட்டு மருந்தாகப் போடும்போது மேலே சொன்ன சேர்க்கைக் கவலைகள் பொருந்தாது. இரத்தத்தில் சேரும் அளவு மிகச் சொற்பம்.

சிறுநீரகக் கணக்கைத் தலையில் போடாமல் தாளில் போடுங்கள். ஒரு உதாரணம்: 68 வயதுப் பெண், 55 கிலோ, கிரியேட்டினின் 130 மைக்ரோமோல். ‘கொஞ்சம்தான் கூட’ என்று தோன்றும். சிறுநீரகம் வடிகட்டும் அளவு (கிரியேட்டினின் கிளியரன்ஸ்) (140 − 68) × 55 × 1.04 ÷ 130 என்றால் நிமிடத்துக்கு 32 மி.லி. மட்டுமே. இவருக்கு லெவோ 750 மி.கி. என்றால் தினமும் அல்ல, 48 மணிக்கு ஒரு முறை, 500 மி.கி. திட்டமென்றால் முதல் நாள் 500, பிறகு தினமும் 250. சிப்ரோ 250 முதல் 500 மி.கி. 12 மணிக்கு ஒரு முறை என்ற அளவிலேயே தொடரலாம். 30க்குக் கீழே போனால் இடைவெளியை 18 முதல் 24 மணியாக நீட்ட வேண்டும். டயாலிசிஸ் நோயாளிக்கு 250 முதல் 500 மி.கி. நாளுக்கு ஒரு முறை, டயாலிசிஸ் நாளில் அது முடிந்த பிறகு. முதல் வேளையை மட்டும் யாருக்கும் குறைக்காதீர்கள். கிருமியை அடிப்பது அதுதான். அளவைக் குறைக்க மறந்தால் சர்க்கரை இறக்கம், குழப்பம், வலிப்பு மூன்றும் இவரைப் போன்றவரையே முதலில் பிடிக்கும்.

ஆன்டிபயாடிக்குகள் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் பி பிரிவில் வருவதால் மருத்துவர் சீட்டில்லாமல் ஃபார்மசியில் விற்க முடியாது. ஆனால் சீட்டையும் மருந்தையும் ஒரே கையால் கொடுக்கும் தனியார் கிளினிக்கில் இடையில் நின்று சரிபார்க்க ஃபார்மசிஸ்ட் கிடையாது. அந்த வேலையும் உங்களுடையதே. பிளாஸ்டிக் உறையில் ‘ஆன்டிபயாடிக்’ என்று மட்டும் எழுதாமல் மருந்தின் பெயர், மி.கி., எத்தனை நாள் என்று எழுதிக் கொடுங்கள். அடுத்த கிளினிக்கில் அதைக் காட்டித்தான் அவர் தப்பிப்பார். உறையின் பின்புறம் இரண்டு வரி: ‘வெள்ளை வயிற்று மருந்து, இரும்பு, கால்சியம் வேண்டாம். குதிகால் வலி, கை கால் எரிச்சல், திடீர் நெஞ்சு அல்லது முதுகு வலி, மயக்கம் வந்தால் நிறுத்திவிட்டு வரவும்.’

பாதிப்பு வந்தவரிடம் ‘குயினோலோன் வகை முழுவதும் வேண்டாம்’ என்று அவருடைய மருத்துவப் புத்தகத்தில் எழுதுங்கள். ‘சிப்ரோ வேண்டாம்’ என்று மட்டும் எழுதினால் அடுத்தவர் லெவோ கொடுப்பார். பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்துக்குப் பக்கவிளைவு அறிக்கையும் அனுப்பிவிடுங்கள், நோயாளியே நேரடியாக அனுப்பவும் வழி உண்டு. அறிக்கையில் நாட்டு மருந்தின் பெயரையும், பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் மால் (MAL) பதிவு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். பதிவு எண் இல்லையென்றால் ‘இல்லை’ என்றே எழுதி, பொட்டலத்தைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று சோதிக்க அது வேண்டும்.